ஒடிந்த தகடும் ஒரு வருடத் தாமதமும்: மார்ஸ் குளோபல் சர்வேயர் காற்றில் வேகம் குறைத்த விதம்

1993 ஆகஸ்ட் 21 அன்று மார்ஸ் அப்சர்வர் விண்கலம் பேச்சை நிறுத்தியது. செவ்வாயைச் சுற்றத் தொடங்க இன்னும் மூன்றே நாள் இருந்தது. எரிபொருள் தொட்டிகளில் அழுத்தம் ஏற்றும் வேலைக்காக வானொலியைச் சிறிது நேரம் அணைத்து வைத்தார்கள். அணைத்தது அணைத்ததுதான். டைட்டன் 3 ராக்கெட்டில் போன இரண்டரை டன் கலம் அது. வைக்கிங் கலங்களுக்குப் பிறகு 17 வருடம் கழித்து அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பிய முதல் கலமும் அதுதான்.

மாற்றாக ஒன்றை அனுப்ப நாசா முடிவெடுத்தபோது கையில் மிச்சம் இருந்தவை அப்சர்வர் கருவிகளின் உதிரிகளும், பழைய திட்டத்தோடு ஒப்பிட்டால் மிகவும் சுருங்கிய ஒரு பட்ஜெட்டும். ராக்கெட்டும் சுருங்கியது. டைட்டனுக்குப் பதில் டெல்டா 2. அதனால் செவ்வாய்ப் பாதையில் தூக்கிவிட முடிந்தது ஒரு டன்னுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அப்சர்வரின் ஏழு கருவிகளில் ஐந்து மட்டும் ஏறின. மார்ஸ் குளோபல் சர்வேயர் என்று பெயர் வைத்தார்கள். இனி இந்தக் கட்டுரையில் சர்வேயர்.

கருவிகளைக் குறைத்தது போதவில்லை. இடித்தது எரிபொருள்.

செவ்வாயை நெருங்கும் கலம் முதலில் பொறியை எரித்து வேகத்தைக் குறைத்து அதன் ஈர்ப்புப் பிடியில் சிக்க வேண்டும். சிக்கிக்கொள்வது ஒப்பீட்டளவில் மலிவு. ஆனால் அப்படிச் சிக்கிய கலம் சுற்றுவது நீண்டு கிடக்கும் நீள்வட்டத்தில். ஒரு முனை கோளை உரசும், மறு முனை பல்லாயிரம் கி.மீ. தள்ளிப் போய்த் திரும்பும். படம் எடுக்க, உயரம் அளக்க, வெப்பம் அளக்க வேண்டும் என்றால் தரைக்கு 400 கி.மீ.க்குள் கிட்டத்தட்ட வட்டமாகச் சுற்ற வேண்டும். சர்வேயர் விஷயத்தில் அந்த இரண்டுக்கும் இடையே நொடிக்கு ஏறத்தாழ 1.2 கி.மீ. வேகம் கழிக்க வேண்டியிருந்தது. ராக்கெட் சமன்பாட்டை வைத்து நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். இதைப் பொறியால் கழிப்பதென்றால் கூடுதலாக 400 கிலோவுக்கு மேல் எரிபொருள் வேண்டும். ஒரு டன் கலத்தில் அதற்கு இடமே கிடையாது.

இந்த மிச்ச வேகத்தைச் செவ்வாயின் காற்றிடம் கழித்துவிடுவது என்று திட்டம் போட்டார்கள். பெயர் ஏரோபிரேக்கிங்.

ஊஞ்சலில் ஆடுகிறவர் ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் காலைத் தரையில் லேசாகத் தேய்த்தால் என்ன ஆகும்? தேய்ப்பது கீழே, குறைவது மேலே போகும் உயரம். இதுவும் அதேதான். கோளுக்கு மிக அருகில் வரும் இடத்தை அண்மைப்புள்ளி என்போம். அந்தப் புள்ளியை வளிமண்டலத்தின் மேல்விளிம்புக்குள் இறக்கிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் சில நிமிடம் காற்று கலத்தைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு தடவையும் மறு முனையான சேய்மைப்புள்ளி கொஞ்சம் தாழும். நூற்றுக்கணக்கான தடவை காலைத் தேய்த்தால் நீள்வட்டம் வட்டமாகிவிடும்.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஹிட்டன் விண்கலம் 1991 மார்ச்சில் பூமியின் காற்றில் 125 கி.மீ. உயரத்தில் உரசிப் பார்த்தது. நாசாவின் மெகல்லன் விண்கலம் 1993 மே 25 முதல் ஆகஸ்ட் 3 வரை வெள்ளியின் காற்றில் எழுநூறு தடவைக்கு மேல் உரசி, சேய்மைப்புள்ளியை 8,500 கி.மீ.யை ஒட்டிய உயரத்திலிருந்து 540 கி.மீ. அளவுக்கு இறக்கியது. ஆனால் மெகல்லன் அதைச் செய்தது தன் முக்கிய வேலைகளையெல்லாம் முடித்துவிட்ட பிறகு. உடைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. சர்வேயருக்கோ இது நடந்தால்தான் வேலையே தொடங்கும். முன்னது கிடைத்தவரை லாபம். பின்னது உயிர்ப் பிரச்சினை. இரண்டையும் ஒரே தொழில்நுட்பம் என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம்.

தோள்மூட்டில் மாட்டிய கம்பி

1996 நவம்பர் 7 அன்று கேப் கனாவரலிலிருந்து சர்வேயர் கிளம்பியது. ராக்கெட்டை விட்டுப் பிரிந்ததும் சூரியத் தகடுகள் விரிந்தன. இரு பக்கமும் ஒவ்வொரு சிறகு. சிறகுக்கு இரண்டு தகடு, நுனியில் காற்றை இன்னும் கொஞ்சம் பிடிக்க ஒரு சிறு மடல். முனைக்கு முனை சுமார் 12 மீட்டர். ஒரு சிறகு சரியாக விரிந்து பூட்டிக்கொண்டது. மற்றொன்று பூட்டும் இடத்துக்கு 20.5 டிகிரி முன்னாலேயே நின்றுவிட்டது.

வீட்டுக் கதவு படாரென்று அடிக்காமல் இருக்க மேலே ஒரு டோர் குளோசர் மாட்டியிருப்பார்கள். சூரியத் தகடு விரிவதும் ஸ்பிரிங்கின் விசையில்தான். அது வேகமாகப் போய் மோதாமல் இருக்க மூட்டில் அதேபோல ஒரு தணிப்பான் உண்டு. எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டுக் கதவில் அந்தக் கை ஒருநாள் கழன்று, கதவுக்கும் நிலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கதவு முழுக்கத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. சர்வேயரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான் என்று பொறியாளர்கள் கணித்தார்கள். தணிப்பானின் தண்டு ஒடிந்து, அதன் நெம்புகோல் துண்டு தோள்மூட்டுக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவே இருந்த ஐந்து செ.மீ. இடைவெளியில் போய்ச் செருகிக்கொண்டது.

மின்சாரம் வருவதில் குறை ஒன்றும் இல்லை. அந்த மட்டில் இதை மறந்துவிடலாம். ஆனால் ஏரோபிரேக்கிங்கில் பிரேக் என்பதே இந்தச் சிறகுகள்தான். இரண்டையும் இறகுப்பந்தின் இறகுகள் மாதிரி பின்னோக்கிச் சாய்த்து, பொறி இருக்கும் பக்கம் முன்னால் வரும்படி காற்றுக்குள் போவது திட்டம். இறகுப்பந்து எப்படித் தூக்கிப் போட்டாலும் தன்னால் நேராகிக்கொள்கிறதோ, அப்படிக் கலமும் நேராக நிற்கும். பூட்டாத சிறகோடு அப்படியே போனால் காற்று அதை மடக்கிவிடும்.

பறந்துகொண்டிருந்த பத்து மாதத்தில் வழி கண்டுபிடித்தார்கள். அந்தச் சிறகை 180 டிகிரி திருப்பிவிடுவது. முதுகுப் பக்கத்துக்குப் பதிலாகச் சூரிய செல்கள் உள்ள முகம் காற்றைப் பார்க்கும். அப்போது காற்று தள்ளுவது மடக்கும் திசையில் இருக்காது, விரிக்கும் திசையில் இருக்கும். முரட்டுத்தனமும் புத்திசாலித்தனமும் கலந்த தீர்வு. ஒரே ஒரு அனுமானம் அதற்கு அடியில் இருந்தது: கெட்டது தணிப்பான் மட்டும்தான், சிறகைத் தாங்கும் மற்றவை எல்லாம் நன்றாக இருக்கின்றன. அந்த அனுமானம் தப்பு.

அக்டோபர் 6

1997 செப்டம்பர் 12 (உலக நேரப்படி) சர்வேயர் பொறியை 22 நிமிடம் எரித்து, நொடிக்கு 973 மீட்டர் வேகம் கழித்து, செவ்வாயின் பிடியில் சிக்கியது. ஒரு சுற்றுக்கு 45 மணி நேரம். சேய்மைப்புள்ளி 54,000 கி.மீ. உயரத்தில், அண்மைப்புள்ளி 263 கி.மீ.யில். செப்டம்பர் 17 முதல் அண்மைப்புள்ளியைப் படிப்படியாக இறக்கி 110 கி.மீ.யை ஒட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஒரே தடவையில் இறக்காததற்குக் காரணம் உண்டு. அந்த உயரத்தில் ஐந்து கி.மீ. இறங்கினாலே காற்றின் அடர்த்தி இரட்டிப்பாகும். கலத்தை இறக்கி ஏற்றுவதற்கான நெம்புகோலோ பயங்கரமானது. அந்த நீண்ட பாதையில், சேய்மைப்புள்ளியில் வைத்து வேகத்தை நொடிக்கு 10 செ.மீ. மாற்றினால் போதும், அண்மைப்புள்ளி இரண்டு கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். எறும்பைவிடக் கொஞ்சம் வேகமான நடை அது.

காற்று எவ்வளவு பலமாக அடித்தது என்று கேட்டால் பதில் ஆச்சரியமாக இருக்கும். திட்டமிட்ட அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 0.6 நியூட்டன். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள மேசைமேல் பத்து ரூபாய் நாணயம் எட்டைப் பரப்பி வைத்தால் வரும் பாரம். அல்லது, காற்றே இல்லாத ஒரு சாயங்காலம் மணிக்கு மூன்றரை கி.மீ. வேகத்தில் உலாத்தப் போனால் நம் முகத்தில் படும் காற்றழுத்தம். பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தள்ளும் விசை இதைப்போல முந்நூறு மடங்குக்குக் கிட்டத்தில் வரும். கலம் போவது நொடிக்கு 4.8 கி.மீ. வேகத்தில்தான், ஆனால் அங்கே ஒரு கன கிலோமீட்டர் காற்றை அள்ளி எடை போட்டால் ஐம்பது அறுபது கிலோதான் தேறும். இங்கே தரைமட்டத்தில் அதே கன அளவு நூறு கோடி கிலோவைத் தாண்டும்.

சாதாரணமாக இந்தத் தொழிலில் பயம் விசையைப் பற்றியது அல்ல, சூட்டைப் பற்றியது. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, சூடு மும்மடியைப் பொறுத்தது. மேலே சொன்ன எண்களை வைத்துப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கிலோவாட்டை நெருங்குகிறது. பூமிக்கு மேலே விண்வெளியில் விழும் வெயிலைப்போல இரண்டு மடங்கு. மெல்லிய தகட்டுக்கு இது கவலைப்படவேண்டிய எண்தான். இவ்வளவு சன்னமான விசையே ஆபத்தாகும் என்று யாரும் பெரிதாக எண்ணியிருக்கவில்லை.

அக்டோபர் 6 அன்று 15-ஆவது தடவையாக அண்மைப்புள்ளியைக் கடந்தபோது காற்று எதிர்பார்த்ததைவிட அடர்ந்து கிடந்தது. தொலை அளவீடுகள் வந்து சேர்ந்ததும் பார்த்தால் கெட்ட சிறகு நகர்ந்திருந்தது. நகர்ந்து பூட்டிக்கொண்டிருந்தால் கொண்டாடியிருப்பார்கள். அது பூட்டவேண்டிய இடத்தையும் தாண்டிப் போயிருந்தது. ஒரு கதவு நிலையைத் தாண்டிப் பின்பக்கம் வளைகிறது என்றால் கீல் மட்டும் கெட்டிருக்க முடியாது. அடுத்த சில சுற்றுகளிலும் சிறகு நெகிழ்வது தொடர்ந்தது.

அக்டோபர் 12 அன்று அண்மைப்புள்ளியைக் காற்றுக்கு வெளியே, 170 கி.மீ. வாக்கில் தூக்கி வைத்தார்கள். ஏரோபிரேக்கிங் நின்றது. அதற்குள் 45 மணி நேரச் சுற்று 35 மணி நேரமாகக் குறைந்திருந்தது.

இந்தத் திட்டத்திலேயே தலையாய முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். நிறுத்துவது எளிது மாதிரி தெரியும். ஆனால் அவர்களுக்கு ஒரு கெடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் நிறுத்தியதன் விலை புரியாது.

இரண்டு மணி வெயில்

சர்வேயர் போய்ச் சேரவேண்டிய பாதை வெறும் தாழ்வான வட்டம் மட்டுமல்ல. ஒவ்வொரு சுற்றிலும் செவ்வாயின் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது கீழே உள்ளூர் நேரம் பகல் இரண்டு மணியாக இருக்கவேண்டும். தினமும் அதே வெயில், அதே சாய்வில் நிழல். அப்போதுதான் இன்றைய படத்தையும் ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட முடியும்.

தாழ்வான துருவப் பாதைக்கு வந்துவிட்டால் இந்த நேரம் தானாகப் பூட்டிக்கொள்ளும். செவ்வாயின் இடுப்புப் பருமன் பாதையின் தளத்தைச் சூரியனோடு சேர்த்தே மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கும். ஆனால் பாதை நீண்டு கிடக்கும்வரை அந்தத் திருப்பம் பலமில்லை. செவ்வாய் சூரியனைச் சுற்றச் சுற்ற, பாதைக்குக் கீழே உள்ள நேரம் நாளுக்கு நாள் நகரும். சர்வேயர் வந்து சேர்ந்தபோது அது மாலை நேரம். 1998 ஜனவரி நடுவில் இரண்டு மணிக்கு வரும். அதே சமயத்தில் ஏரோபிரேக்கிங்கும் முடிந்திருக்க வேண்டும். நகர்கிற ரயிலில் ஏறுகிற மாதிரி. நான்கு மாதக் கணக்கில் ஒரு மாதத்தை இழந்தால் ரயில் போய்விடும்.

கொலராடோவின் டென்வரில், கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தில், சோதனைகள் நடந்தன. சிறகையும் கலத்தையும் இணைக்கும் முக்கோண வடிவ நுகம் ஒன்று உண்டு. அலுமினியத் தேன்கூட்டுப் பலகையின் இரு பக்கமும் கிராஃபைட்-எப்பாக்சித் தகடு ஒட்டிச் செய்தது. லேசானது, விறைப்பானது, ஒட்டு இருக்கிறவரை. தணிப்பான் ஒடிந்த அன்றைக்கே சிறகு தடையில்லாமல் விரிந்து வேகமாகப் போய் மோதியதில் அந்த நுகத்தின் ஒரு பக்கத் தகடு விரிசல் கண்டிருக்க வேண்டும், தேன்கூட்டிலிருந்து பிரியவும் தொடங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது ஏவிய அன்றே விழுந்த அடி, கிட்டத்தட்ட ஒரு வருடம் யார் கண்ணிலும் படாமல் கூடவே வந்திருக்கிறது. முதல் பழுதைக் கண்டுபிடித்ததே இரண்டாவது பழுதை மறைத்துவிட்டது. காரணம் கிடைத்துவிட்ட திருப்தியில் அடுத்த காரணத்தை யாரும் தேடவில்லை.

மிச்சம் இருக்கும் ஒட்டு எவ்வளவு தாங்கும்? மாதிரி நுகத்தை வளைத்து வளைத்துப் பார்த்து ஒரு எண்ணுக்கு வந்தார்கள்: 0.2 நியூட்டன். பழைய அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. எட்டு நாணயத்துக்குப் பதில் இரண்டரை நாணயம்.

திட்ட மேலாளர் கிளென் கன்னிங்ஹாம் குழுவினர் முன்னால் இருந்த கேள்வி இதுதான். இந்த மெல்லிய அழுத்தத்தில் ஜனவரிக்குள் இரண்டு மணிப் பாதையைப் பிடிக்கவே முடியாது. வேறு ஏதோ ஒரு நேரத்தில், மோசமான வெயிலில் பூட்டிக்கொண்டு கிடைத்ததை எடுக்கலாம். இல்லையென்றால் காத்திருக்கலாம், நேரம் இதே மாதிரி பின்னோக்கி நகர்ந்து, பகல் இரண்டையும் நண்பகலையும் காலையையும் தாண்டி அதிகாலை இரண்டுக்கு வரும்வரை. பாதை ஒரு வளையம் அல்லவா? வளையத்தின் ஒரு பக்கம் அதிகாலை இரண்டு என்றால் எதிர்ப்பக்கம் பகல் இரண்டு. முதல் திட்டத்தில் வடக்கிலிருந்து தெற்கே போகும்போது பகல். இப்போது தெற்கிலிருந்து வடக்கே போகும்போது பகல். கேமராவுக்குத் திசையைப் பற்றி என்ன கவலை? விலை ஒரு வருடம்.

ஒரு வருடத்தைக் கொடுத்துக் கலத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏவி மிகச் சரியாக ஒரு வருடம் ஆன 1997 நவம்பர் 7 அன்று அண்மைப்புள்ளி மறுபடி காற்றை நோக்கி இறங்கத் தொடங்கியது.

காற்றோடு தினசரி பேரம்

மெதுவாகப் போனால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நவம்பர் கடைசியில் தென் அரைக்கோளத்தில் நோயாக்கிஸ் பகுதியில் ஒரு புழுதிப்புயல் கிளம்பியது. சர்வேயர் உரசிக்கொண்டிருந்தது வட அரைக்கோளத்துக்கு மேலே, 120 கி.மீ.க்கு மேற்பட்ட உயரத்தில். பல ஆயிரம் கி.மீ. தொலைவு. புழுதியும் அந்த உயரத்துக்கு வராது. ஆனாலும் ஓரிரு நாளில் அங்கே காற்றின் அடர்த்தி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. புழுதி வெயிலை வாங்கிக் கீழ்க்காற்றைச் சூடாக்கும். சூடான காற்று உப்பும். அது உப்பினால் அதற்கு மேலே உள்ள அடுக்குகள் அத்தனையும் தூக்கப்படும். கலம் அதே உயரத்தில்தான் போகிறது, காற்றுதான் அதைத் தேடி மேலே வந்துவிட்டது. உடனே அண்மைப்புள்ளியை உயர்த்தினார்கள். 0.6-இல் ஓட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் புயல் வந்திருந்தால் அந்த நுகம் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

அடர்த்தியை அளந்தது கலத்தில் இருந்த முடுக்கமானி. காற்று இழுக்கும்போது கலம் எவ்வளவு மெதுவாகிறது என்பதிலிருந்து காற்று எவ்வளவு கனம் என்று திருப்பிக் கணக்குப் போடலாம். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் கீட்டிங் குழு ஒவ்வொரு உரசலுக்கும் இதைச் செய்து கொடுத்தது. அதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. செவ்வாயின் சில தீர்க்கரேகைகளுக்கு மேலே எப்போது போனாலும் காற்று கனமாக இருக்கிறது, சிலவற்றுக்கு மேலே எப்போதும் சன்னமாக இருக்கிறது. கோளைச் சுற்றி இரண்டு மேடு, இரண்டு பள்ளம். அவை கோளோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுழல்கின்றன. கீழே உள்ள மலைகளும் தாழ்நிலங்களும் எழுப்பும் அலையின் தடம் நூறு கி.மீ.க்கு மேலே வரை எட்டுகிறது. ஓட்டுகிறவர்களுக்கு இது கையில் கிடைத்த சாலை வரைபடம். அடுத்த உரசல் எந்தத் தீர்க்கரேகையில் விழும் என்று தெரியும். மேடா பள்ளமா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆனாலும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே காற்று சொல்லாமல் கொள்ளாமல் மாறும். அது ஒரு சுற்றில் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டால் பாதை சுருங்கி, கலம் அடுத்த உரசலுக்கு முன்னதாகவே வந்து சேரும். கலமோ பூமியிலிருந்து முன்னரே அனுப்பிய நேரப்பட்டியலின்படி இயங்குவது. பெரிய ஆன்டெனா மடக்கியே வைக்கப்பட்டிருந்தது. உரசும் நிமிடங்களில் தொடர்பும் இருக்காது. தப்பான கோணத்தில் காற்றுக்குள் போனால் இறகுப்பந்து இறகுப்பந்தாக இருக்காது. எனவே உரசல் முடிந்ததும் பாதையை அளந்து, அடுத்த நேரத்தைக் கணித்து, பட்டியலைத் திருத்தி அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் இரண்டு நாளைக்கு ஒரு உரசல். கடைசியில் நாளைக்குப் பன்னிரண்டு.

1998 மார்ச் 27 அன்று சுற்று 11.6 மணி நேரத்தில் நிற்க, முதல் கட்டத்தை நிறுத்தினார்கள். நேரம் வந்து சேர இன்னும் மாதங்கள் இருந்தன; அதற்குள் வட்டமாகிவிட்டால் தப்பான மணியில் பூட்டிக்கொள்ளும். ஆறு மாதக் கட்டாய ஓய்வு. நடுவில், மே மாதம், செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போய் வந்தது.

ஓய்வு என்று சொன்னாலும் கருவிகள் சும்மா இல்லை. ஏப்ரல் 5 அன்று சைடோனியா பகுதிக்கு மேலே போகும்போது கேமரா ஒரு மேட்டைப் படம் எடுத்தது. 1976-இல் வைக்கிங் எடுத்த மங்கலான படத்தில் மனித முகம் மாதிரி தெரிந்து, இருபது வருடமாகப் பத்திரிகைகளுக்குத் தீனி போட்ட அதே மேடு. சர்வேயர் படத்தில் அது தேய்ந்துபோன சாதாரணக் குன்று. முகத்தை நம்பியவர்கள் மேகம் மறைத்துவிட்டது என்றார்கள். அது கிடக்கட்டும்.

உண்மையான புதையல் காந்தமானியில் இருந்தது. செவ்வாய்க்கு இன்று பூமியைப்போல உள்ளிருந்து எழும் காந்தப்புலம் கிடையாது. ஆனால் மரியோ அக்கூனா குழுவின் காந்தமானி, நூற்றுச் சொச்சம் கி.மீ. உயரத்தில் அயனி மண்டலத்துக்கும் அடியில் நுழைந்தபோதெல்லாம், தரைப்பாறைகளிலேயே உறைந்து கிடந்த பலத்த காந்தத்தைக் கண்டது. தெற்கே பழைய நிலப்பரப்பில் பட்டை பட்டையாக, அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில். கோள் இளமையாக இருந்தபோது அதன் வயிற்றுக்குள் ஒரு டைனமோ ஓடியதற்கான தடயம். இதை 400 கி.மீ.யிலிருந்து இவ்வளவு துல்லியமாகப் பார்க்க முடியாது. அவ்வளவு தாழ்வாகப் போனதே பிரேக் போடத்தான். சிறகு உடையாமல் நான்கே மாதத்தில் எல்லாம் முடிந்திருந்தால் அத்தனை தாழ்வான கடவைகள் கிடைத்திருக்காது. இதற்காகப் பழுதுக்கு நன்றி சொல்ல நான் தயாரில்லை. அறிவியல் குழுவினர் ஒரு வருடம் வயிற்றில் நெருப்போடு இருந்திருக்கிறார்கள். ஆனால் கணக்கில் வரவு என்றும் ஒரு பத்தி இருக்கிறது.

செப்டம்பர் 23 வாக்கில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. இங்கே ஆபத்தின் குணம் மாறுகிறது. தொடக்கத்தில் பாதை நீளமாக இருந்தபோது கலத்தோடு தொடர்பு அறுந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசி வாரங்களில் சேய்மைப்புள்ளியும் தாழ்ந்துவிட்டது. யாரும் கவனிக்காமல் இரண்டு நாள் விட்டால் காற்று அதைக் கீழே இழுத்து எரித்துவிடும். எனவே தினமும் அண்மைப்புள்ளியைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே, ஆனால் உரசலையும் விடாமல், வெளியே நடந்து வந்தார்கள். ஊஞ்சலிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கடினம்.

1999 பிப்ரவரி 4 அன்று பொறியை எரித்துக் காற்றை விட்டு ஒரேயடியாக வெளியே வந்தது சர்வேயர். ஏறத்தாழ 900 உரசல். சுற்று நேரம் 45 மணியிலிருந்து இரண்டு மணிக்குள். மார்ச்சில், முதல் திட்டத்துக்குச் சரியாக ஒரு வருடம் பிந்தி, சராசரி 378 கி.மீ. உயரத்திலிருந்து வரைபட வேலை தொடங்கியது. கீழே பகல் இரண்டு மணி.

அடுத்து வந்தவர்கள்

அதே வருடம் செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் வந்தது. அதுவும் ஏரோபிரேக்கிங் செய்வதற்காகவே வந்த கலம். வாய்ப்பே கிடைக்கவில்லை. உந்துவிசைக் கணக்கை ஒரு பக்கம் பவுண்டில் கொடுக்க, மறு பக்கம் நியூட்டன் என்று எடுத்துக்கொள்ள, கலம் முதல் நாளே 57 கி.மீ. உயரத்துக்கு இறங்கிவிட்டது. 110 கி.மீ.யில் ஐந்து கி.மீ. தவறினாலே அடர்த்தி இரட்டிப்பாகும் என்று மேலே சொன்னேன். 57 கி.மீ. என்பது வேறு உலகம்.

2001 அக்டோபரில் வந்த மார்ஸ் ஒடிசி மூன்று மாதத்துக்குள் முடித்தது. 332 உரசல். சிறகுகளை இறகுப்பந்து மாதிரி விரிக்காமல் கலத்தோடு ஒட்ட மடக்கி வைத்தே காற்றுக்குள் போனது. அந்த வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் சர்வேயரின் நுகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஐரோப்பாவின் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் 2017 மார்ச் முதல் 2018 பிப்ரவரி வரை, சாவகாசமாக, கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்துக்கொண்டது. இந்தியாவின் வெள்ளிப் பயணத் திட்டத்திலும் ஏரோபிரேக்கிங் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2028 மார்ச்சில் ஏவும் எண்ணம். மங்கள்யான் இதைச் செய்யவில்லை, நீண்ட நீள்வட்டத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே இஸ்ரோவுக்கு இது புதுப் பாடம். வெள்ளியில் காற்று செவ்வாயைவிடக் கனம், புழுதிப்புயல் கிடையாது, ஆனால் மேல்வளிமண்டலத்தில் பகலுக்கும் இரவுக்கும் அடர்த்தி வெகுவாக மாறும். சர்வேயரின் முடுக்கமானிப் பட்டியல்களை அவர்கள் புரட்டிப் பார்த்திருப்பார்கள்.

சர்வேயர் ஒரு செவ்வாய் வருடம், அதாவது 687 நாள், வேலை செய்ய அனுப்பப்பட்டது. ஏழரை வருடத்துக்கு மேல் செய்தது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் படம். 2006 நவம்பர் 2 அன்று வழக்கம்போல ஒரு கட்டளை போனது, சூரியத் தகட்டைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி. தகட்டை நகர்த்துவதில் சிக்கல் என்று கலத்திலிருந்து பதில் வந்தது. பிறகு பேச்சில்லை. மறு வருடம் வந்த விசாரணை அறிக்கை, 2006 ஜூனில் அனுப்பிய ஒரு கட்டளை நினைவகத்தில் தப்பான முகவரியில் எழுதப்பட்டதிலிருந்து சங்கிலியைக் கோத்தது. தகடு அதன் எல்லையில் போய் முட்டியது, கலம் பாதுகாப்பு நிலைக்குப் போகையில் ஒரு பேட்டரி வெயிலைப் பார்த்துத் திரும்பியது, சூடேறிய பேட்டரியை நிறைந்துவிட்டது என்று நினைத்து மென்பொருள் மின்னேற்றத்தை நிறுத்தியது. அரை நாளுக்குள் மின்சாரம் தீர்ந்திருக்கும் என்று கணித்தார்கள்.

அப்போது செவ்வாயில் புதிதாக ஒரு கலம் இருந்தது. மார்ஸ் ரீகானசன்ஸ் ஆர்பிட்டர், 2006 ஆகஸ்ட் 30 அன்றுதான் ஐந்து மாத ஏரோபிரேக்கிங்கை ஒரு கீறலும் இல்லாமல் முடித்திருந்தது. சர்வேயர் இருக்கவேண்டிய திசையில் அதன் கேமராக்களைத் திருப்பித் தேடச் சொன்னார்கள். வந்த படங்களில் சர்வேயர் இல்லை.